நாயுடன் நீர்வழிப் பயணம்: நார்ஃபோக் முதல் மயாமி வரை

அத்தியாயம் 7

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக, வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக் துறைமுகத்தில் தொடங்கி, கால்வாய்களையும் ஆறுகளையும் உப்பங்கழிகளையும் அகன்ற நீர்ப்பரப்புகளையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ஃபுளோரிடாவின் மயாமி வரையில் ஏறத்தாழ 1,090 மைல் தூரம் நீண்டு கிடக்கும் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்னும் உள்கரை நீர்வழி, பெருங்கடலின் சீற்றத்திற்கு நேரே ஆட்படாமல் சிறிய பாய்மரப் படகில் நீண்ட யாத்திரை செய்ய விரும்புவோருக்கு வாய்த்த பெரும் சௌகரியமாகும். ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் குளிருக்கு அஞ்சித் தெற்கு நோக்கிச் செல்லும் படகுகளில் பலவற்றில் நாயும் ஒரு பிரயாணியாக இருப்பதைக் காணலாம்.

மனிதர் மட்டும் செல்லும் பிரயாணத்தில் ஒரு நாளை மைல் கணக்கால் அளந்துவிடலாம். நாய் உடன் வரும்போது, காலையிலும் மாலையிலும் அது மண்ணில் கால் வைக்கப்போகும் இடத்தை முதலில் நிச்சயித்து, அவ்விரு இடங்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் அடங்குமோ அவ்வளவையே அன்றைய பயணமாகக் கொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு விதியின் விரிவே.

புறப்படுமுன் தீர்மானிக்க வேண்டியவை

1. காலம்: அட்லாண்டிக் புயற்பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிப்பதால், தெற்கே செல்வோர் பெரும்பாலும் அக்டோபரில் நார்ஃபோக்கை விட்டுப் புறப்பட்டு, வானிலை அறிக்கையை நாள்தோறும் கவனித்தபடி மெல்ல இறங்குவது வழக்கம். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி பின்னோக்கித் திருப்பப்படுகிறது என்பதையும், அதன்பின் கரோலினாப் பிரதேசத்தில் மாலை ஐந்து மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாயைக் கரைக்கு அழைத்துச் செல்லும் வேலை இருட்டில் வந்து விழுவது பெரும்பாலும் இதை மறப்பதனால்தான்.

2. பாய்மரத்தின் உயரம்: இவ்வழியிலுள்ள நிலைப் பாலங்களின் கீழ் பொதுவாக 65 அடி இடைவெளி உண்டு. மயாமியிலுள்ள ஜூலியா டட்டில் பாலத்தின் கீழோ 56 அடிதான். உங்கள் மரத்தின் உச்சியில் உள்ள விளக்கையும் ரேடியோக் கம்பியையும் சேர்த்து அளந்து குறித்து வையுங்கள்.

3. நாயின் பத்திரங்கள்: வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ், உடலில் பதித்த அடையாளச் சில்லின் எண், அண்மையில் எடுத்த புகைப்படம், வழக்கமான மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை நீர் புகாத உறையில் வைத்துக்கொள்ளுங்கள். வழியிலுள்ள பெரிய ஊர்களில் கால்நடை மருத்துவமனைகள் எங்கே இருக்கின்றன என்பதை வரைபடத்தில் முன்னதாகவே குறித்துவிடுங்கள்.

4. மருந்து: கொசுவினால் பரவும் இதயப்புழு நோய் இக்கரை நெடுகிலும் உண்டு, அதற்கான தடுப்பு மருந்தையும் உண்ணி மருந்தையும் மருத்துவரிடம் கேட்டுப் பயணம் முழுமைக்கும் போதுமான அளவு வாங்கிக்கொள்வது அவசியம். மனிதருக்கான பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாய்க்கு நஞ்சு. மருந்துப் பெட்டியை இரண்டாகப் பிரித்து, நாயினுடையதைத் தனியே வைத்தல் நன்று.

படகை நாய்க்கு ஏற்றதாக்குதல்

நான்கு பாதங்களும் வழுக்காமல் நிற்க இடமின்றி அலையும் பிராணி அமைதி கொள்ளாது; அமைதியற்ற நாயோ சுக்கான் பிடிப்பவரின் கவனத்தைச் சிதறடிக்கும். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கரையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

- மேல்தளத்தின் விளிம்புக் கம்பிகளுக்கு இடையே சுற்றிலும் உறுதியான வலை கட்டுங்கள். வலையின் அடிப்புறம் தளத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். சிறிய நாய் நழுவுவது பெரும்பாலும் அடி இடைவெளியின் வழியாகத்தான்.
- முதுகின்மேல் கைப்பிடி தைத்த உயிர்காப்புச் சட்டை வாங்குங்கள். அதை அணிவித்து, கைப்பிடியைப் பற்றி நாயைத் தரையிலிருந்து ஒரு முறை தூக்கிப் பாருங்கள். தையல் தாங்குகிறதா, நாய் அதிலிருந்து நழுவுகிறதா என்பது அந்தக் கணத்திலேயே தெரிந்துவிடும்.
- நாயைப் படகுடன் பிணைக்கும் வார் மார்புப் பட்டையில் மாட்டப்பட வேண்டும். கழுத்துப் பட்டையில் மாட்டப்பட்ட நாய் விளிம்பைத் தாண்டி விழுந்தால் அது தூக்காகிவிடும். வாரின் நீளம், நாய் விளிம்பை எட்டாதபடி இருக்கட்டும்.
- அறைக்கு இறங்கும் ஏணிப்படிகளில் வழுக்காத விரிப்பை ஒட்டுங்கள். கூடுமானால் பலகையினால் சாய்தளம் ஒன்று செய்துவிடுங்கள். வயதான நாயின் இடுப்புக்கு அது பேருதவி.
- குடிநீரைத் தனியாகக் கணக்கிடுங்கள். கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் என்ற கணக்கில் 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். வெயில் நாளில் இன்னும் அதிகம்.

பழக்கும் முறை

நாய்க்குப் படகைப் பழக்குவதில் அவசரம் கூடாது. ஒவ்வொரு படியிலும் அது நிம்மதியாகப் படுத்துறங்கக் கண்ட பின்னரே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

1. துறையில் கட்டிய படகில், இயந்திரத்தை இயக்காமல், அதன் படுக்கையையும் உணவுக் கிண்ணத்தையும் வைத்து ஒரு பொழுதைக் கழியுங்கள்.
2. கட்டிய நிலையிலேயே இயந்திரத்தை இயக்கி, அதன் ஓசையும் அதிர்வும் பழகும்படி செய்யுங்கள்.
3. அமைதியான நீரில் அரைமணி நேரம் ஓட்டித் திரும்புங்கள்.
4. பாயை விரித்துப் படகு ஒருபுறம் சாயும் அனுபவத்தைக் குறைந்த காற்றில் கொடுங்கள். பாயை இறக்கும் ஓசையும் கயிறு இழுக்கும் ஓசையுமே பல நாய்களைத் திடுக்கிடச் செய்கின்றன.
5. நங்கூரமிட்டு ஓர் இரவு தங்குங்கள்.

இவற்றோடு இணைந்து நடக்க வேண்டிய மற்றொரு பயிற்சி, படகிலேயே மலஜலம் கழிக்கப் பழக்குதல். செயற்கைப் புல்விரிப்பு ஒன்றை முதலில் வீட்டுத் தோட்டத்திலோ துறையோரப் புல்தரையிலோ விரித்து, நாய் அதன்மேல் சிறுநீர் கழிக்கும் வேளையில் ஒரே சொல்லைத் தவறாமல் சொல்லிப் பழக்கி, பின்னர் அவ்விரிப்பைக் கழுவாமல், வாசனை மாறாத நிலையில் படகின் அணியத்தில், அதாவது முன்தளத்தில், விரித்து வையுங்கள். விரிப்பின் ஓரத்தில் கயிறு கட்டிவைத்தால் கடல்நீரில் அலசி எடுப்பது சுலபம். இப்பயிற்சி கைகூடச் சில வாரங்கள் ஆகலாம். கைகூடிய பின்னும் பல நாய்கள் மண்ணையே விரும்பும். விரிப்பை, கரைசேர இயலாத வேளைக்கான காப்பாகக் கொள்ளுங்கள். கரையேற்றத்திற்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள்.

ஒரு நாளின் திட்டம்

மாலை நேரத்திலேயே மறுநாளைத் திட்டமிடுங்கள். திட்டத்தைப் பின்னிருந்து முன்னோக்கி எழுதுங்கள்.

1. மறுநாள் மாலையில் நாய் இறங்கப்போகும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். படகுத்துறை, பொதுத் தோணித்துறை, மணற்கரை என்பது வரிசை. சதுப்புநிலம் பட்டியலில் சேராது.
2. அங்கே சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக வந்துசேரும்படி நேரத்தைக் குறியுங்கள்.
3. வழியிலுள்ள திறக்கும் பாலங்கள், மதகுகள் ஆகியவற்றின் நேரங்களைக் கழியுங்கள்.
4. மீந்த நேரத்தை உங்கள் படகின் வேகத்தால் பெருக்குங்கள். மணிக்கு 5 கடல்மைல் செல்லும் படகு எட்டு மணி நேரத்தில் 40 கடல்மைல் போகும். அது 46 சாதாரண மைலாகும். இந்நீர்வழியின் தூரங்கள் சாதாரண மைலில் குறிக்கப்படுவதால் இந்த மாற்றத்தை மறக்கலாகாது.
5. நடுவழியில் இறங்க ஒரு மாற்றிடத்தையும் குறித்து வையுங்கள்.
6. காலையில் நங்கூரம் எடுப்பதற்கு முன்பே நாயைக் கரைக்கு அழைத்துச் சென்று திரும்புங்கள்.

குறிப்பு: அலைகள் எதிர்பார்க்கப்படும் நாளில், புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரத்திற்கு முன்பே சிறிதளவு உணவு கொடுத்துவிடுங்கள். வாந்தி தொடரும் நாய்க்கு மருத்துவர் குறித்துக் கொடுத்த மருந்தை மட்டும் கொடுங்கள்.

மதகுகளிலும் பாலங்களிலும்

நார்ஃபோக்கிலிருந்து தெற்கே செல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1859-இல் திறக்கப்பட்ட ஆல்பமார்ல்–செசபீக் கால்வாய். இதில் கிரேட் பிரிட்ஜ் என்னுமிடத்தில் ஒரே மதகு இருக்கிறது. மற்றொன்று டிஸ்மல் சுவாம்ப் கால்வாய். 1793-இல் தொடங்கி 1805-இல் திறக்கப்பட்ட இந்த 22 மைல் கால்வாய், அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் கைகளால் சேற்றிலும் கொசுக்கடியிலும் தோண்டப்பட்டது என்பதை அவ்வழியே செல்லும் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளக் கடமைப்பட்டவர்கள். அங்கே டீப் கிரீக், சவுத் மில்ஸ் என்ற இரு மதகுகள் நாளில் குறித்த சில வேளைகளில் மட்டும் திறக்கப்படுகின்றன. மரப்பட்டைகளின் சாறு கலந்து தேயிலை வடிநீர் நிறத்தில் கிடக்கும் அந்நீரில் மூழ்கிய மரக்கட்டைகள் உண்டு, ஆழமும் குறைவு. ஆயினும் கால்வாயை ஒட்டி நடைபாதையும், வட கரோலினாவின் எல்லைக்குள் படகு கட்டும் துறையோடு கூடிய வரவேற்பு நிலையமும் இருப்பதால், நாயுடன் செல்வோருக்கு இது மிக உகந்த வழி. அக்காட்டில் கருங்கரடிகள் வாழ்கின்றன. நாயை வாரில்லாமல் விடாதீர்கள்.

மதகு அறைக்குள் நுழையும்போது பின்பற்ற வேண்டிய வரிசை:

1. மதகுக்குச் சற்று முன்பே நாயைப் படகின் அறைக்குள் இறக்கி, கதவுப் பலகையைப் பொருத்துங்கள்.
2. வி.எச்.எஃப். ரேடியோவில் மதகுக் காப்பாளரை அழையுங்கள். வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் மதகுக்கும் பாலத்துக்கும் 13-ஆம் அலைவரிசை. தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடாப் பாலங்களுக்கு 9-ஆம் அலைவரிசை.
3. முன்னும் பின்னும் கயிறு கொடுத்து, நீர்மட்டம் மாறுவதற்கேற்ப நெகிழ்த்தியும் இழுத்தும் கொண்டிருங்கள். கயிற்றைக் கட்டிவிட்டு நாயைப் பார்க்கப் போகாதீர்கள். நீர் தாழும்போது கட்டிய கயிற்றில் படகு தொங்கிவிடும்.
4. மறுபுறக் கதவு திறந்து, படகு வெளியேறி, நேர்ப்பாதையில் நிலைத்த பின்னரே நாயை மேலே அழையுங்கள்.

கால்வாயின் குறுகிய பகுதிகளில் சுக்கான் பிடிப்பவர் நாயைப் பிடிக்கலாகாது. தெற்கு நோக்கிச் செல்லும்போது மஞ்சள் முக்கோணம் பொறித்த வழிக்குறிகள் வலப்புறத்திலும் மஞ்சள் சதுரம் பொறித்தவை இடப்புறத்திலும் அமைய வேண்டும். ஒரே ஒரு குறியைத் தவறவிட்டாலும் படகு மணலில் ஏறிவிடக்கூடிய இடங்கள் இவ்வழியில் ஏராளம்.

அகன்ற நீரும் ஏறி இறங்கும் நீரும்

கால்வாயைக் கடந்ததும் எதிர்ப்படும் ஆல்பமார்ல் நீர்ப்பரப்பு ஆழமற்றது. ஆகவே காற்று சற்று வலுத்தாலும் குறுகிய செங்குத்தான அலைகள் எழுந்து படகைக் குலுக்கும். விடியற்காலையில், காற்று அடங்கிய நாளில் கடந்துவிடுங்கள். நாயைப் படகின் நடுப்பகுதியில், தாழ்வான இடத்தில் படுக்க வையுங்கள்; ஆட்டம் அங்கேதான் மிகக் குறைவு.

நாயுடன் செல்வோர் மிகவும் கவனித்துத் திட்டமிட வேண்டிய பகுதி ஜார்ஜியா. அங்கே ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே நீர்மட்டம் ஏழு அடியும் அதற்கு மேலும் மாறுபடுகிறது. வற்றத்தில், காலையில் தோணி ஒதுங்கிய கரைக்கும் நீருக்கும் இடையே முழங்கால் புதையும் சேறும், நாயின் பாதத்தைக் கத்திபோல் கிழிக்கும் சிப்பிப் பாறைகளும் வெளிப்பட்டுவிடும். எனவே,

- கரையேறும் நேரத்தை ஏற்றம் பாதிக்கு மேல் வந்த வேளையில் அமைத்துக்கொள்ளுங்கள். வற்றம் தொடங்கிய பின் கரையில் தாமதிக்காதீர்கள்.
- மிதக்கும் துறை உள்ள இடங்களையே நாடுங்கள். கம்பர்லாந்துத் தீவு தேசியக் கடற்கரைக்குச் சொந்தப் படகில் வருவோர் ஆறடிக்கு மிகாத வாரில் நாயை அழைத்துச் செல்லலாம். ஆனால் பொதுமக்கள் படகில் நாய்க்கு இடமில்லை. அங்கே திரியும் காட்டுக் குதிரைகளை நாய் நெருங்க விடாதீர்கள்.
- நங்கூரக் கயிற்றின் நீளத்தை ஏற்றத்தின் உயரத்தைச் சேர்த்தே கணக்கிடுங்கள். வற்றத்தில் 3 மீட்டர் ஆழம், ஏற்றம் 2.4 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் 1.2 மீட்டர் என்றால் கூட்டுத்தொகை 6.6 மீட்டர், ஏழு மடங்கு விடுவதானால் சுமார் 46 மீட்டர் கயிறு வேண்டும். நீங்கள் நாயுடன் கரையில் இருக்கும்போது படகைக் காப்பது இந்தக் கணக்கு ஒன்றுதான்.

தோணியில் கரைசேர்தல்

1. இயந்திரம் ஓடாத நிலையில், முதலில் ஒருவர் தோணியில் இறங்கி உட்கார வேண்டும்.
2. உயிர்காப்புச் சட்டை அணிந்த நாயை மற்றொருவர் கைப்பிடியால் தாங்கி இறக்க வேண்டும். தனியே செல்வோர் நாயைத் தோணிக்குத் தானாகத் தாவப் பழக்கக் கூடாது; தாவும் வேகத்தில் தோணி விலகிவிடும்.
3. நாய் தோணியின் தரையில் படுத்த பின்னரே இயந்திரத்தை இயக்குங்கள். இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றை உங்கள் மணிக்கட்டில் மாட்டுங்கள்.
4. கரையில் முதலில் நீங்கள் இறங்கி, தரையைக் கால்களால் சோதித்து, பிறகு நாயை அழையுங்கள்.
5. கழிவைப் பையில் எடுத்து வந்துவிடுங்கள். பிறரும் அந்த இடத்தில் இறங்க அனுமதி நிலைப்பது இதனால்தான்.
6. படகுக்குத் திரும்பியதும் பாதங்களை நன்னீரில் கழுவி, வெட்டுக்காயமும் உண்ணியும் உண்டா என்று பாருங்கள்.

குறிப்பு: இலையுதிர் காலம் கரோலினாக்களில் மான்வேட்டைக் காலமுமாகும். காட்டோரம் இறங்கும் நாய்க்கும் உங்களுக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை இருக்கட்டும்.

நாய் நீரில் விழுந்தால்

1. உரக்கக் கூவி அனைவருக்கும் தெரிவியுங்கள். ஒருவர் நாயின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கையால் சுட்டிக்கொண்டே நிற்கட்டும்.
2. மிதவையை எறியுங்கள். நாய்க்கு அது பயன்படாவிடினும் இடத்தைக் காட்டும்.
3. பாயைத் தளர்த்தி, மெதுவாகத் திரும்பி வந்து, நாயை நெருங்கியதும் இயந்திரத்தின் பல்லிணைப்பை விடுவியுங்கள். சுழலும் விசிறி பின்புறம் இருப்பதால் நாயைப் பக்கவாட்டுக்கே அழையுங்கள்.
4. கொக்கிக் கழியைச் சட்டையின் கைப்பிடியில் மாட்டித் தூக்குங்கள். கனமான நாயானால் பாய் ஏற்றும் கயிற்றைக் கைப்பிடியில் இணைத்து உருளையால் ஏற்றலாம்.
5. எக்காரணத்தாலும் நாயைத் தொடர்ந்து நீங்கள் நீரில் குதிக்காதீர்கள். படகில் எஞ்சியவர் இருவரையும் மீட்க நேரிடும். எஞ்சியவர் இல்லையேல் மீட்பே இல்லை.

புறப்படுமுன் இதைச் சட்டை அணிவித்த மிதவை ஒன்றைக் கொண்டு பலமுறை ஒத்திகை பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியும் அபாயமும் தெரியாத அபாயமும்

முதலை: கரோலினாக்களிலிருந்து தெற்கே நன்னீரிலும் உப்பு குறைந்த நீரிலும் அலிகேட்டர் முதலைகள் வாழ்கின்றன. நீர்விளிம்பில் நாயை நடத்தாதீர்கள். ஆற்றிலோ குளத்திலோ நீந்த விடாதீர்கள். அந்தியும் இரவும் அவை இரைதேடும் பொழுது.

நச்சுத்தேரை: ஃபுளோரிடாவின் தென்பகுதியிலுள்ள கேன் தேரையை நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளும், வலிப்பும் வரலாம். நீர் தொண்டைக்குள் போகாதபடி தலையைக் கீழ்நோக்கித் தாழ்த்தி, ஈறுகளை ஈரத்துணியால் துடைத்துக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் விரையுங்கள்.

மின்சாரம்: நன்னீர்ப் படகுத்துறைகளில் பழுதான மின்கம்பியிலிருந்து நீருக்குள் கசியும் மின்சாரம் நீந்துவோரைச் செயலிழக்கச் செய்து மூழ்கடித்துவிடும். துறையருகே நாயை நீந்த விடாதீர்கள். அங்கே நாய் நீரில் துடித்தால் நீங்கள் இறங்கக் கூடாது. முதலில் கரை மின்னிணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

வெப்பம்: நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ், 41-ஐ எட்டினால் உயிருக்கே ஆபத்து. ஓயாத இளைப்பு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை கண்டால் நிழலுக்குக் கொண்டுபோய், குளிர்ந்த நீரை உடலெங்கும் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவ உதவி தேடுங்கள். நினைவிழந்த நாயின் வாயில் நீர் ஊற்றலாகாது.

குடிநீர்: கடல்நீரும் பச்சைப் பாசி படர்ந்த தேக்கநீரும் நஞ்சாகலாம். கரையில் நடக்கும்போது நன்னீர்ப் புட்டியைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

பலரும் செய்யும் பிழைகள்

- நாய் நன்றாக நீந்தும் என்ற நம்பிக்கையில் உயிர்காப்புச் சட்டையைத் தவிர்த்தல். நீரோட்டம் மிகுந்த கால்வாய் வாயில்களில் எந்த நாயும் களைத்துப்போகும்.
- இருட்டும் வரை ஓட்டி, பின் இறங்குமிடம் தேடுதல்.
- நங்கூரமிட நல்ல இடம் என்பதாலேயே அது நாய்க்கும் நல்ல இடம் என்று கருதுதல். ஆழமும் காற்றுமறைவும் சிறந்த பல ஓடைகளைச் சுற்றிலும் மைல் கணக்கில் சதுப்புப் புல்தான் இருக்கிறது.
- குறித்த தேதியில் ஓர் ஊரைச் சேர வாக்குக் கொடுத்துவிட்டு, அதற்காக மோசமான வானிலையில் புறப்படுதல்.

புறப்படலாமா என்று முடிவு செய்தல்

ஒவ்வோர் இரவும் விளக்கை அணைக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாளை மாலை நாய் இறங்கும் இடம் எது? அங்கே போய்ச்சேரும் வேளையில் வெளிச்சமும் நீர்மட்டமும் எப்படியிருக்கும்? அங்கே சேர முடியாமற்போனால் மாற்றிடம் எது? மூன்றிற்கும் தெளிவான விடை கிடைத்தால் விடியலில் நங்கூரம் எடுங்கள். ஒன்றிற்கேனும் விடையில்லை என்றால், இருக்கும் இடத்திலேயே மற்றொரு நாள் தங்குங்கள். நாயின்பொருட்டு நாள்தோறும் இருமுறை கரையேறுபவர் அவ்வூர்களின் தெருக்களையும் மனிதர்களையும் அறிந்தே செல்கிறார். அவசரமாகக் கடந்து போகும் பிரயாணிக்கு அந்தப் பாக்கியம் கிட்டுவதில்லை. ஆகையால் தங்கும் நாளை நஷ்டமென்று எண்ணாமல், அதற்கும் இடம்விட்டே உங்கள் அட்டவணையை எழுதுங்கள்.